விற்ற வீட்டில் எரிந்த அடுப்பு

வீட்டை விற்றாகிவிட்டது என்று வீட்டுக்காரம்மா சொன்னபோது நான் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். காதில் விழாதவள் போல இன்னும் நாலு தட்டுத் தட்டினேன். அந்தம்மாள் அப்படியே நின்றாள். விளையாட்டில்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

"வித்துட்டன் அம்மணி. புளி மண்டிக்காரரு வாங்கிட்டாரு. வர்ற அமாவாசைக்குள்ள நீ வேற ஊடு பாத்துக்கோ."

"யாரக் கேட்டு வித்தீங்க?"

"என் ஊட்ட விக்கறதுக்கு உன்ன வேற கேக்கணுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அன்று நியாயம் வேண்டியிருக்கவில்லை, வீடு வேண்டியிருந்தது. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "நான் போவமாட்டன்" என்றேன். சொன்ன பிறகுதான், இதை எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று எனக்கே திக்கென்றது. அந்தம்மாளும் திகைத்துத்தான் போனாள். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது ஓசூர் சின்ன ஊர். என் வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணையில் புல்லறுக்கவும் கொட்டகை கழுவவும் கூலியாக இருந்தார். சந்தைக்குப் பின்தெருவில் நாட்டு ஓடு போட்ட வீடு எங்களுக்கு. ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு. நாங்களும் மூன்று பிள்ளைகளும் அதற்குள் இருந்தோம். மழைக்கு ஒரு மூலை ஒழுகும். எலி உண்டு. இருந்தாலும் அதை நான் அரண்மனை என்றுதான் சொல்வேன், யார் சிரித்தாலும் சரி.

ஏனென்றால் நான் பிறந்தது கல்லாவிப் பக்கம், பண்ணையக்காரரின் நிலத்தோரம் போட்டிருந்த குடிசையில். குடிசை அவருடையது, அது நின்ற மண் அவருடையது, என் அப்பாவும் கிட்டத்தட்ட அவருடையவர்தான். ஒரு அறுப்புக்குக் கூலி நெல் குறைகிறது என்று அப்பா வாய் திறந்து கேட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் நாங்கள் தெருவில் நின்றோம். அம்மா கொதிக்கிற கூழ்ப்பானையை இறக்கி, கந்தல் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். யாரும் எங்களை அடிக்கவில்லை, வையக்கூட இல்லை. 'போ' என்றார்கள், போனோம். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால்தான் ஓசூர் வீட்டை விடமாட்டேன் என்றேன். இன்னொரு காரணமும் இருந்தது. எங்களுக்கு வேறு வீடு கிடைக்காது. வீடு கேட்டுப் போனால் முதலில் 'நீங்க என்ன ஆளுங்க' என்பார்கள். அதில் தேறினால் 'என்ன வேல' என்பார்கள். மாட்டுப் பண்ணைக் கூலி என்றதும் அவர்கள் மூக்கு சுருங்கும். மூன்று பிள்ளைகள் என்றால் கதவே சுருங்கும். இந்த வீடு கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு நாய் படாது. இதையும் விட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும், மறுபடியும் யாருடைய நிலத்தோரத்திலோ குடிசை போட வேண்டும். என் பிள்ளைகளை அங்கே கொண்டு போவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் பயந்த சுபாவம். மாடு முட்ட வந்தால் கொம்பைப் பிடிப்பார், மனிதன் முறைத்தால் கும்பிடுவார்.

"வம்பு எதுக்கு? அவங்க ஊடு, அவங்க வித்துட்டாங்க. நாம என்னா பண்ண முடியும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். காலைல வேலைக்குப் போ, சாயங்காலம் இதே ஊட்டுக்கு வா. அது போதும்."

மறுநாளே தாலுக்கா கச்சேரிக்குப் போனேன். வாசலில் மனு எழுதும் ஒருவர் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்நேரமும் மூக்குப்பொடி, எந்நேரமும் சிடுசிடுப்பு. நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் என் மேலா மண்டிக்காரர் மேலா என்று எனக்குப் புரியவில்லை.

"ஊடு கை மாறுனா குடித்தனம் போயிடுமா? எவன் சொன்னான்? நேத்து அந்தம்மாவுக்குக் குடித்தனம், இன்னிக்கு மண்டிக்காரருக்குக் குடித்தனம். அவ்ளோதான். உன்ன வெளிய அனுப்பணும்னா அவரு இங்க அதிகாரி முன்னால வந்து காரணம் சொல்லணும். அவராவே சட்டிபானையத் தூக்கித் தெருவுல வெக்க முடியாது."

"நெசமாவா?"

"பின்ன, பொய்யா? சட்டம் வந்து எவ்வளவு காலமாச்சு. வாடகைக்கு இருக்கறவங்க காதுலதான் இன்னும் விழல."

எனக்கு அப்படியே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கும் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வாயிலேயே அந்த மனிதர் என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். "நீ குடித்தனக்காரின்னு எத வெச்சுக் காட்டுவ? சும்மா தங்கியிருந்தவ, வேலைக்காரின்னு அவரு சொல்லிட்டா?"

என்னிடம் காட்ட ஒன்றுமே இல்லை. வாடகையைக் கையில் கொடுப்பேன், வீட்டுக்காரம்மா மடியில் முடிந்துகொள்வாள், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். வீட்டை விற்ற கையோடு அவள் ராயக்கோட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தேன். மோர் கொடுத்தாள், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். எனக்காக ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கள் என்றதும் கையை விரித்துவிட்டாள். "நாகேம் தெலுசு" என்றாள், எனக்கு என்ன தெரியும் என்று. பிறகு தமிழில், "கச்சேரிப் படியெல்லாம் நான் ஏற மாட்டன் அம்மணி" என்றாள். கெட்ட பொம்பளை இல்லை. வம்பில்லாமல் கண்ணை மூட நினைத்த பொம்பளை. எனக்கு அவள் மேல் அன்று அடங்காத ஆத்திரம்.

அமாவாசை வந்தது, போனது. நாங்கள் போகவில்லை. மண்டிக்காரர் தெருவில் நின்று சத்தம் போட்டார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, கணீரென்று குரல். எங்கள் வீடு அவர் மண்டிக்கு முதுகுப்பக்கம் இருந்தது. இடைச்சுவரை உடைத்து அதைப் புளி மூட்டை அடுக்கும் கிடங்காக்குவது அவர் கணக்கு.

"ஏய், இன்னும் எத்தினி நாளு?"

சாமி என்று கூப்பிடத்தான் வாய் வந்தது. பழக்கம் விடுமா? அதை விழுங்கிவிட்டு, "அய்யா, வாடகை எப்பவும் போலத் தருவன். நீங்க வாங்கிக்கோங்க. ஊட்ட மட்டும் கேக்காதீங்க" என்றேன்.

தெருவே சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் ஓடு பிரிக்க ஆட்கள் வந்தார்கள். ஐப்பசி மழை எப்போது பிடிக்குமோ என்று வானம் மூட்டமாக இருந்த நேரம். கூரையைப் பிரித்துவிட்டால் தானாகப் போய்விடுவோம் என்று கணக்கு. குடித்தனக்காரரைக் கிளப்புவதற்கு அந்தக் காலத்தில் இதுதான் கைகண்ட வைத்தியம். யாரும் யாரையும் தொட வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும்.

தலைக்கு மேல் ஓடு நகரும் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். ஏணி போட்டு இரண்டு பேர் மேலே இருந்தார்கள். முன்வரிசை ஓடு போய்விட்டது. வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அவற்றை இங்கே எழுத முடியாது. அவர்கள் வேலை செய்துகொண்டே சமையல்கட்டுப் பக்கம் வந்தார்கள். அங்கே வந்ததும் மூத்தவர் கையை எடுத்துவிட்டார். ஓட்டுச் சந்துகளில் புகை கசிந்துகொண்டிருந்தது. உள்ளே என் அடுப்பில் உலை.

அவர் இறங்கி வந்து, தெருவில் நின்ற மண்டிக்காரரிடம் சொன்னார்: "அடுப்பு எரியுதுங்க. பொக வர்ற கூரையில நாங்க கை வெக்கறதில்ல."

"அது அணைஞ்சதும் பிரி."

"அணையட்டுங்க, வர்றோம்."

ஓடு வேய்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு. அடியில் அடுப்பு எரியும்போது கூரையைப் பிரித்தால், பிரித்தவன் வீட்டு அடுப்பு அவிந்துபோகும் என்று ஒரு பயம். பயமோ என்னவோ, எனக்கு அது வானத்திலிருந்து இறங்கிய சட்டம். அவர்கள் ஏணியை எடுப்பதற்குள் நான் உள்ளே போய் இன்னொரு விறகு செருகினேன்.

அன்று முதல் விடிந்தது தொடங்கி இருட்டும் வரை என் அடுப்பு அவியவில்லை. சமைக்க என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். பாதி நேரம் வெறும் தண்ணீர் கொதித்தது. அந்தத் தண்ணீரில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி அவர்கள் தோலே வெளுத்துவிட்டது. விறகுக்கு எங்கே போவது? கெலமங்கலம் பக்கத்திலிருந்து சந்தைக்கு வருகிறவர்களிடம் பட்டுப்பூச்சிக்கு இலை உருவிய மல்பெரிக் குச்சி கெஞ்சி வாங்கினேன். அது பற்றிக்கொண்டு சடசடவென்று தீர்ந்துவிடும். அப்போதுதான் மண்டியில் புளி உடைக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மடி நிறையப் புளியந்தோடு, புளியம்பழத்தின் காய்ந்த மேலோடு. அவர்களும் வாடகை வீட்டுக்காரிகள்தான். ஒருத்தி கொட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரு மண்டித் தோடுதான் அக்கா. நல்லா எரியட்டும்." நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சரக்கின் தோல் என் அடுப்பில் எரிந்து, அவர் ஆள் என் கூரையில் ஏறாமல் காத்தது. முன்வரிசை ஓட்டை என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாமல் ஏறிச் சரி செய்தார். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ஒரு சின்னத் திமிர் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

இதற்குள் மனு எழுதுபவர் எனக்காக ஒரு மனு போட்டிருந்தார், புது வீட்டுக்காரர் கூரையைப் பிரித்துத் தொந்தரவு செய்கிறார் என்று. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் என்னைக் கிளப்பிவிட வேண்டும் என்று மண்டிக்காரர் துடித்தார். ஓட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் ஒரு வழி சொன்னாராம்: "இப்ப அது அந்தம்மா அடுப்புங்க. நீங்க பால் காச்சிட்டா உங்க அடுப்பாயிடும். அப்புறம் நீங்க அணைன்னு சொன்னா அணைச்சுட்டுப் பிரிக்கறோம்." புளி உடைக்கும் பெண்கள் இதை மதியத்துக்குள் என் காதில் போட்டுவிட்டார்கள்.

அப்படியாக ஒரு நல்ல நாள் காலையில் மண்டிக்காரர், அவர் மனைவி, புரோகிதர், சொந்தக்காரர்கள் என்று பால் செம்போடு வந்து இறங்கினார்கள். வாசலில் குறுக்கே படுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மங்கல காரியத்தை மறிக்க மனசு வரவில்லை. ஒதுங்கி நின்றேன். ஆனால் அடுப்பை அணைக்கவில்லை. அதில் பிள்ளைகளுக்குக் களி வெந்துகொண்டிருந்தது.

அறை நடுவில் மூன்று செங்கல் வைத்துப் புதிதாக மூட்டுவதாக அவர்கள் ஏற்பாடு. புரோகிதர் சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒரு கூரைக்குக் கீழே ஒரே நாளில் இரண்டு நெருப்பு ஆகாது, வீடு இரண்டுபடும் என்றார்.

"அத அணை," என்றார் மண்டிக்காரர் என்னைப் பார்த்து.

"மாட்டன்."

"நீ அணை," என்றார் மனைவியைப் பார்த்து.

அந்தம்மாள் ஆனேக்கல் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். பானையைப் பார்த்தாள். சுற்றி நின்ற என் பிள்ளைகளைப் பார்த்தாள். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளைகள் சாப்பாட்டில் தண்ணீர் ஊற்ற எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? புரோகிதர் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். அந்தம்மாள் என் பக்கத்தில் வந்து கன்னடத்தில் மெதுவாக, "அக்கா, ஸ்வல்ப ஜாகா கொடி" என்றாள். கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டாள்.

கேட்டவளுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. களிப்பானையைப் பக்கத்துக் கொடி அடுப்புக்கு நகர்த்தினேன். அடுப்பின் பெரிய வாயைப் பாலுக்கு விட்டேன். நானே புளியந்தோடு அள்ளிப் போட்டு ஊதிவிட்டேன். பால் கிழக்கே பொங்கியது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தம்மாள் செய்ததை அவள் புருஷன் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் குடித்தனம் இருக்கும் வீட்டை வாங்கிப் பால் காய்ச்சினால், முதல் டம்ளரும் தாம்பூலத் தட்டும் குடியிருப்பவளுக்குத்தான். அவள் வாய் குளிர்ந்தால்தான் வீடு குளிரும் என்பது வழக்கம். பிறந்த வீட்டிலிருந்தே பார்த்துப் பழகியது, அவள் கை தானாக நீண்டுவிட்டது. எனக்கு முதல் டம்ளர். தேங்காய், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி வைத்து ஒரு தட்டு. குங்குமமும் வைத்துவிட்டாள். வாசலில் தெருவே நின்று பார்த்தது.

மண்டிக்காரருக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. "முடிஞ்சுதா? இப்ப அடுப்ப அணைக்கச் சொல்லு" என்றார். வாசலில் ஏணியோடு காத்திருந்த ஓட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒங்க ஊட்டம்மாவே அவங்ககிட்ட எடம் கேட்டுத்தானுங்களே காச்சுனாங்க. அது இன்னும் அவங்க அடுப்புதானுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

விசாரணை நாள் வந்தது. அதிகாரி தெற்கத்திக்காரர், பேச்சு வேறு மாதிரி இருந்தது. மண்டிக்காரர் கும்பிட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இவ குடித்தனக்காரி இல்லீங்க. பழைய ஊட்டுக்காரம்மாவுக்குப் பாத்திரம் தேய்க்க இருந்தவ. பாவம்னு தங்க உட்டிருக்காங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. வாடகை கொடுத்துக் குடியிருந்த வீட்டில் என்னைப் பாத்திரம் தேய்க்க விட்டுவிட்டான் மனுஷன்! நான் கத்தப் போனேன். மனு எழுதுபவர் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பால் காச்சுனதச் சொல்லு" என்று சீறினார்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அதிகாரி மண்டிக்காரர் பக்கம் திரும்பினார்.

"பால் காய்ச்சினீங்களா?"

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் எந்த வியாபாரியும் அதைச் சொல்ல மாட்டான். பால் காய்ச்சாமல் வீட்டில் கால் வைத்தவன் என்ற பேச்சு வந்தால் அவன் மண்டியில் சரக்கு எடுக்கவே யோசிப்பார்கள்.

"காச்சுனோமுங்க. நல்லாப் பொங்குச்சுங்க."

"யார் அடுப்பில்?"

அவர் வராந்தாவைப் பார்த்தார். அங்கே எங்கள் தெருவில் பாதி நின்றது, அவர் மண்டிப் பெண்களும் சேர்த்து. "அந்தம்மா அடுப்புலதாங்க."

"முதல் டம்ளர் யாருக்குக் கொடுத்தீங்க? தட்டு யாருக்கு?"

"அது பொம்பளைங்க விசயமுங்க..."

"யாருக்கு?"

"அவளுக்குத்தாங்க."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மாற்றல் வாங்கி ஊர் ஊராக வாடகை வீட்டில் இருக்கிறவன்தான் நானும். இதே தாலுக்காவில் நான் குடியிருந்த ஒரு வீடு கை மாறியபோது என் மனைவிக்கும் இந்தத் தட்டு வந்தது. பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு யாரும் முதல் டம்ளர் கொடுக்கவில்லை" என்றார்.

பிறகு மண்டிப் பெண்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நான் மாதாமாதம் வாடகை கொடுத்ததைப் பார்த்தவர்களா என்று விசாரித்தார். பார்த்தோம் என்றார்கள், தங்கள் முதலாளி முகத்துக்கு நேராக. அவர்களுக்கு என்ன ஆகுமோ என்று நான்தான் நடுங்கினேன். அவர்கள் நடுங்கவில்லை.

அதிகாரி சொன்னது இதுதான். நான் குடித்தனக்காரி. வீட்டை விற்றதால் என் குடித்தனம் போகாது. வாடகையைப் புது வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும், அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கூரையில் கை வைக்கக் கூடாது. குடியிருக்கும் வீட்டைக் கிடங்காக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக அனுமதி கேட்டு வர வேண்டும். எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

வெளியே வந்ததும் மண்டிக்காரர் என்னை வழிமறித்தார். "என்னா, அங்கயே கெடந்து சாவலாம்னு இருக்கியா?"

"சாவறதுன்னா வாடகை குடுத்துட்டுத்தான் சாவன். கவலப்படாதீங்க."

என் வீட்டுக்காரர் அன்று வேலையை விட்டுவிட்டு வந்து வராந்தாக் கடைசியில் நின்றிருந்தார். வா என்று நான் கேட்டதும் இல்லை, வருகிறேன் என்று அவர் சொன்னதும் இல்லை. என்னைத் தாண்டி நடந்து மண்டிக்காரர் எதிரில் போய் நின்றார். கும்பிடவில்லை. சும்மா நின்றார். அந்த மனிதரே விலகிப் போனார்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு, முதல் வாடகை நாளில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், யாரோ கதவைத் தட்டினார்கள். சந்து வழியே வெள்ளை வேட்டி தெரிந்தது. குடையைச் சுருக்கிக்கொண்டு, சாரலில் நனைந்தபடி மண்டிக்காரர் நின்றிருந்தார். வீடு அவருடையது. ஆனாலும் தட்டிவிட்டுக் காத்திருந்தார். எங்கள் ஆட்கள் குடியிருந்த எந்த இடத்திலும், அதற்குச் சொந்தக்காரன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. உடனே திறக்கவில்லை. கையைக் கழுவினேன், முந்தானையில் துடைத்துக்கொண்டேன், நிதானமாகக் கதவருகே போனேன். வந்திருப்பது யாரென்று நன்றாகத் தெரிந்தும் உள்ளேயிருந்து கேட்டேன்:

"யாரு?"